டிஸ்னிக்கும் ஓர் எட்டாம் சடங்கு

கிழக்கிலங்கையில் தம்பிலுவில் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு, சுருக்கி, அவருடைய சொல்லிலேயே தருகிறேன்.

"அன்பின் அக்கா, எனக்கு 36 வயது. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். ஆகஸ்ட் லீவில் 9 வயது மகளையும் 6 வயது மகனையும் கூட்டிக்கொண்டு பாரிசில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மூன்று கிழமை போய் வந்தேன். சுவிசில் இருக்கிற தம்பியும் குடும்பத்தோடு அங்கே வந்தான். 14 வருசத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே. கணவருக்கு வேளாண்மை வெட்டு நேரம், அவர் வரவில்லை. கடைசி இரண்டு நாளும் டிஸ்னிலாண்டில் நின்றோம், அக்காதான் ரிக்கெட் எடுத்தது. வந்து நாலு கிழமை ஆகிறது. சமைக்கும்போது அந்தப் பூங்காவில் போடும் பாட்டுகளை யூடியூபில் போட்டு வைக்கிறேன், கண்ணீர் வருகிறது. இரவில் போட்டோ பார்த்துப் பார்த்தே ஒரு மணி ஆகிவிடுகிறது. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், பிள்ளைகளோடு சிரிக்கிறேன், ஆனால் எல்லாம் சப்பென்று இருக்கிறது. மகன் ஒவ்வொரு நாளும் 'திரும்ப எப்ப போறம்?' என்று கேட்கிறான். அவர் 'உனக்கென்ன விசரா, நீ என்ன சின்னப்பிள்ளையா' என்கிறார். எனக்கே வெட்கமாக இருக்கிறது அக்கா. சுனாமியில் எங்கள் வீதியிலேயே ஆட்கள் போன ஊர் இது. இங்கே இருந்துகொண்டு ஒரு விளையாட்டுப் பூங்காவுக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்ல?"

தங்கச்சி, கடைசியில் இருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது போலத் தெரிகிறது. 2005 இன் தொடக்கத்தில், நான் உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில், கடற்கரை ஊர் ஒன்றின் முகாமில் ஓர் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். வீடு போய்விட்டது, உறவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அதையெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொல்லி முடித்தவர், தன் தாய் தந்த அப்பச்சட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் விக்கி விக்கி அழுதார். வருசக்கணக்காகப் பழகி, ஒட்டாமல் அப்பம் கழன்று வரும் சட்டி அது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சட்டியா என்று எனக்குள் ஓடியது, அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி. இப்போது அப்படி நினைக்க மாட்டேன். எது கைக்குள் அடங்குகிறதோ அதற்குத்தான் பல பேருக்கு முதலில் அழுகை வருகிறது, பெரியது கைக்குள் அடங்காது. ஆகவே ஊரின் துக்கத்துக்குப் பக்கத்தில் உங்கள் துக்கத்தை நிறுத்தி உயரம் பார்க்கிற வேலையை விட்டுவிடுங்கள். நீங்கள் டிஸ்னிக்கு அழுவதால் யாருடைய இழப்பும் சின்னதாகப் போவதில்லை, அழாமல் அடக்கினால் யாருக்கும் எதுவும் திரும்பிக் கிடைக்கப்போவதும் இல்லை.

சரி, இப்போது விசயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வாசித்தேன், தொழில் பழக்கம். நாலு பக்கத்தில் டிஸ்னிலாண்டுக்கு என்று நீங்கள் கொடுத்திருப்பது மொத்தம் ஆறு வரி. கோட்டைக்கு அடியில் இருக்கும் டிராகன் புகைவிட்டு உறுமியதும் மகன் தம்பியின் கால்களுக்கு நடுவில் புகுந்தது, மலை ரயில், இரவு வாணவேடிக்கை, அவ்வளவுதான். ஆனால் அங்கே போகிற அன்று விடிய அக்கா உங்களைக் கதிரையில் இருத்தி, தேங்காய் எண்ணெய் வைத்து, இழுத்துத் தலை பின்னிவிட்டதற்கு முக்கால் பக்கம். தம்பி உங்கள் தோள்பையைப் பறித்துத் தான் போட்டுக்கொண்டு "நீ சும்மா வா" என்று சொன்னதற்கு ஒரு பந்தி. அப்புறம் வாணவேடிக்கை முடிந்து, பூங்கா வாசலிலேயே இருக்கும் ஸ்டேசனில் ரயில் ஏறி, மகன் தம்பியின் தோளில் வாயைத் திறந்தபடி நித்திரை, நீங்கள் மூன்று பேரும் எதிரெதிரே இருந்தும் பாரிஸ் வரைக்கும் ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் மை கொஞ்சம் கசிந்திருக்கிறது.

அந்த இரண்டு நாளும் நீங்கள் திரும்ப நடுப்பிள்ளையாக இருந்திருக்கிறீர்கள். இங்கே உங்களுக்கு அம்மா, மனைவி, மருமகள், அலுவலகத்தில் காணாமல் போன கோப்பைத் தேடிக் கொடுக்கிறவர் என்று நாலு வேலை. அங்கே அக்காவுக்குத் தங்கச்சி, தம்பிக்கு அக்கா. எந்தப் பக்கம் போவது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று எதையும் நீங்கள் தீர்மானிக்கத் தேவையிருக்கவில்லை. வரைபடம் அக்காவின் கையில், பை தம்பியின் தோளில். வீடு திரும்பியதும் வரைபடமும் பையும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் விழுந்திருக்கின்றன. நீங்கள் தேடுவது கோட்டையை என்றால் யூடியூப் போதும். அது போதவில்லை என்பதுதான் உங்கள் கடிதம்.

ஆனால் பூங்காவுக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அந்த இடங்களைக் கட்டின விதமே அப்படி. 1955 இல் வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவின் அனஹைமில் முதலாவது டிஸ்னிலாண்டைத் திறந்தபோதே, சுற்றிவர உயரமாக மண் அணை எழுப்பியிருந்தார்கள். உள்ளே நிற்கிறவரின் கண்ணில் வெளியே உள்ள ரோட்டும் வீடுகளும் படக்கூடாது என்பதுதான் நோக்கம். வாசலில் இருந்து கோட்டைக்குப் போகும் தெருவில் கட்டடங்களின் மேல்மாடிகளை வேண்டுமென்றே சின்ன அளவில் கட்டியிருப்பார்கள், கீழே நின்று பார்க்கும்போது உள்ளதைவிட உயரமாகத் தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களைக்கூடக் கம்பனி ஊழியர் என்று கூப்பிடுவதில்லை, நாடகத்தில் வேசம் கட்டுகிறவர்கள் என்ற பொருளில்தான் பெயர். 1992 ஏப்ரலில் திறந்த பாரிஸ் பூங்காவும் அதே பரம்பரைதான், கோட்டைக்கு ரோசா நிறமும் அடியில் ஒரு டிராகனும் கூடுதல். இப்படி ஒவ்வொரு அங்குலமும் யோசித்துக் கட்டின மேடைக்குள் இரண்டு நாள் நின்றவருக்கு வெளியே வந்ததும் மனம் விழுந்தால் அது உங்கள் பலவீனம் என்று நான் எடுக்க மாட்டேன், கட்டினவர்களின் கைத்திறன் என்றுதான் எடுப்பேன்.

அதோடு நீங்கள் இறங்கி வந்த இறக்கமும் லேசுப்பட்டது இல்லை. கட்டுநாயக்காவில் இருந்து வேன், கண்டி, பிறகு மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. பிக் தண்டர் மலை ரயிலில் இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்ட மகன் பதினெட்டு வளைவில் மூன்று தரம் வாந்தி எடுத்தான் என்று எழுதியிருந்ததை வாசித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அம்பாறை தாண்டும்போது விடிந்து, வெட்டு முடிந்த வயல்களில் வைக்கோல் கிடந்ததைக் கண்டதும் உங்களுக்கு அழுகை வந்திருக்கிறது. அடுத்த நாளே அலுவலகம். பெட்டிகூட அவிழ்க்கவில்லை.

உடம்புக் கணக்கும் ஒன்று இருக்கிறது, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். கோடைகாலத்தில் பாரிஸ் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்தி. கிழக்கே பறந்து வருவது மேற்கே போவதைவிட உடம்புக்குக் கஷ்டம். நித்திரை நேரத்தைப் பிந்திப்போட உடம்பு சம்மதிக்கும், முந்திப்போடத்தான் அடம்பிடிக்கும். அங்கே ஆகஸ்டில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், இங்கே ஆறரைக்கு விளக்குப் போட வேண்டும். முதல் கிழமைக் கண்ணீரில் ஒரு பங்கு வெறும் நித்திரைக் குறைவாக இருந்திருக்கும். ஆனால் நாலு கிழமைக்குப் பிறகும் விமானத்தின் மேல் பழி போட முடியாது, இப்போது உங்கள் நித்திரையைக் கெடுப்பது கையில் இருக்கும் போன்.

நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் இனித்தான். உங்கள் பயணம் முடிந்தது, ஆனால் அதை யாரும் முடித்து வைக்கவில்லை.

தம்பிலுவில்காரிக்கு நான் சடங்கு பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை, கண்ணகி அம்மன் வீதியில் வளர்ந்தவர் நீங்கள். வைகாசியில் கதவு திறக்கும், அம்மனின் கலியாணத்துக்கு நடும் கலியாணக்கால் வரும், இரவிரவாகச் சனம், கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தி. குளிர்த்தி ஆடி முடிந்ததும் சரி எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று எங்கள் ஆட்கள் ஒரேயடியாக விட்டுவிடுவதில்லையே. அதற்குப் பிறகு எட்டாம் சடங்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குளிர்த்தி இரவின் நெரிசல் அதில் இருக்காது, வளையல் கடையும் ஐஸ்கிறீம் வண்டியும் போய்விட்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை, முடிந்த சடங்குக்கு எதற்கு இன்னொரு சடங்கு என்று அம்மம்மாவைக் கேட்டிருக்கிறேன். "ஏறினதுகள் இறங்க வேணாமா?" என்றா, அவ்வளவுதான், வெற்றிலையை மடிக்கப் போய்விட்டா. கொடியேற்றித் திருவிழா செய்யும் கோயில்களிலும் தீர்த்தத்தோடு நிறுத்துவதில்லை, கொடியிறக்கம், பூங்காவனம், வைரவர் மடை என்று படிப்படியாகத்தான் இறக்கி வைப்பார்கள்.

உளவியலாளர்கள் இதற்குக் கிட்டிய ஒன்றை வேறு வழியால் கண்டுபிடித்தார்கள். 1993 இல் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு தரம், 14 பாகை செல்சியஸ் தண்ணீரில் கையை ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும், விறைத்துப் போகும். இன்னொரு தரம் மற்றக் கையை அதே தண்ணீரில் அதே ஒரு நிமிடம், அதற்கு மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீரை மெதுவாக ஒரு பாகை மட்டும் சூடாக்குவார்கள். இரண்டில் எதைத் திரும்பச் செய்யச் சம்மதம் என்று கேட்டபோது கூடுதலான பேர் நீண்டதைத்தான் சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் அதில்தான் வேதனை கூட, ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, ஞாபகத்தில் நின்றது அது. உங்களுடைய முடிவு எப்படி இருந்தது? விமான நிலையத்தில் பெட்டி இரண்டு கிலோ கூட என்று நிலத்தில் வைத்து அவிழ்த்து, அக்கா கட்டித்தந்த சொக்லேட்டில் பாதியை வெளியே எடுத்து, நேரம் போகிறது என்று தம்பி சத்தம் போட, கட்டிப்பிடித்து அழக்கூட நேரம் இல்லாமல் உள்ளே ஓடியிருக்கிறீர்கள். அந்த ஓட்டம்தான் இன்னும் நிற்கவில்லை.

ஆகவே ஓர் எட்டாம் சடங்கு வையுங்கள். நாள் பிந்திவிட்டதுதான், பரவாயில்லை, அம்மன் கோபிக்க மாட்டா. வருகிற சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, அங்கே பின்னேரம் ஐந்து மணியாக இருக்கும், மூன்று வீடும் ஒன்றாக வீடியோ கோல் எடுங்கள். அவரவருக்கு முன்னால் தேத்தண்ணி, பிள்ளைகளும் பக்கத்தில். ஒரே ஒரு சட்டம்: ஒவ்வொருவரும் அந்த இரண்டு நாளில் நடந்த ஒரு கரைச்சலைச் சொல்ல வேண்டும். நல்லதைப் பிறகு சொல்லலாம், அது எப்படியும் வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரிசையில் நின்று கால் கடுத்தது, பாதி வரிசையில் மகளுக்கு ஒண்ணுக்கு வந்தது, மழை என்று வாங்கிய பிளாஸ்டிக் கோட்டை இரண்டாம் நாள் கொண்டுவர மறந்தது, ஒரு பாணுக்குள் வைத்த கோழித்துண்டின் விலையை நீங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பசிக்கவில்லை என்று பொய் சொன்னது. எல்லாம் உங்கள் கடிதத்தின் ஓரங்களில் இருக்கிறது, நீங்கள் எழுதியதுதான். ஏன் கரைச்சலைச் சொல்லச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஞாபகம் இந்த வரிசைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வாணவேடிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது, அதோடு தம்பிலுவிலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாணுக்குச் சம்பல் இடிக்கிற நேரம், எப்படிப் போட்டிக்கு நிற்கும்? வெட்டினதைத் திரும்ப ஒட்டுங்கள், நியாயமான போட்டியாக இருக்கட்டும். பிறகு கோலை முடிக்கும்போது "சரி சரி வைக்கிறன்" என்று அறுக்காமல், அடுத்த கோலுக்கு நாள் குறித்துக்கொண்டு முடியுங்கள்.

போட்டோ விசயம். போனில் 1,400 படம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுச்சாமத்தில் படுக்கையில் கிடந்து அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஞாபகப்படுத்துவது மாதிரித்தான் தெரியும், உண்மையில் புண்ணின் பொருக்கைக் கிள்ளுகிற வேலை. அதில் முப்பதைத் தெரியுங்கள், முப்பத்தொன்று கூடாது, பிள்ளைகளோடு சண்டை பிடித்துத் தெரியுங்கள். அக்கரைப்பற்றில் ஏதாவது ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு ஓர் ஆல்பத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்குக் கீழேயும் மகளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆல்பம் என்றால் கடைசிப் பக்கம் என்று ஒன்று வரும், மூடி வைக்கலாம். அக்கா தலை பின்னிவிட்டதை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதை மகள் கீறட்டும், அது முதல் பக்கத்தில் வரட்டும்.

பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள்தவறாமல் சொதி கொதிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு மாதத்தில் அது சொதிப் பாட்டாகிவிடும், பிறகு நீங்கள் வேண்டும் என்று தேடும்போது அதற்குள் பாரிஸ் இருக்காது. மாதத்தில் ஒரு நாளுக்கு வையுங்கள்.

மகனுக்கு "அடுத்த வருசம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அதைக் கணக்கில் எழுதிவைக்கும், வட்டியோடு கேட்கும். "தெரியாது மகன், எனக்கும் போக ஆசைதான்" என்று உள்ளதைச் சொல்லலாம், அதைக் கேட்டுப் பிள்ளை உடைந்துபோகாது. சொல்லிவிட்டு, அங்கே எது உனக்கு நல்ல விருப்பம் என்று கேளுங்கள். மாமாவின் தோளில் நித்திரையானது என்று சொன்னாலும் சொல்வான். டிராகன் என்று சொன்னால் அது டிராகன்தான், ஏற்றுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஆழமான அர்த்தம் தேடுவது எங்கள் தொழில்காரரின் வியாதி, உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரை வில்லனாக்கி எழுதாததற்கு நன்றி. அவருடைய பக்கத்தில் நின்று ஒருக்கால் பாருங்கள். மூன்று கிழமை வெட்டு மெசினுக்குப் பின்னால் ஓடி, நெல்லு விலைக்குத் தலையைச் சொறிந்து, தாய் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்த மனிசன். பெண்சாதி பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், வந்த நாளில் இருந்து பெண்சாதி ஒரு கோட்டைக்காக அழுகிறா. அவருடைய காதில் அது எப்படி விழும்? இந்த வீடு போதவில்லை என்று விழும். அதற்குத்தான் அவர் விசர் என்கிறார், கோபம் அரைவாசி, பயம் அரைவாசி. நீங்கள் அவருக்குக் கோட்டையைக் காட்டியிருக்கிறீர்கள், வீடியோ காட்டியிருக்கிறீர்கள், தலை பின்னின கதையைச் சொன்னீர்களா? எனக்கு எழுதின அந்த முக்கால் பக்கத்தை அவரிடம் வாயால் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு அவருடைய மூன்று கிழமையையும் கேளுங்கள், நாலு பக்கக் கடிதத்தில் அது எனக்கு ஓர் இடத்திலும் தட்டுப்படவில்லை.

இன்னொன்றும் அவரிடம் கேட்கலாம், பகிடியாகவே கேட்கலாம்: ஒரு ஞாயிறு பின்னேரம் முழுக்க அவருடைய பொறுப்பு. கடற்கரையோ சாகாமம் குளமோ, எங்கே போவது, என்ன தின்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாம் அவர் சொல்ல வேண்டும், தண்ணீர்ப் போத்தலும் பிள்ளைகளின் மாற்றுடுப்பும் இருக்கும் பை அவருடைய தோளில். நீங்கள் சும்மா போக வேண்டும். "டிஸ்னி என்ன டிஸ்னி, எங்கட ஊரிலே இல்லாததா" என்று ஆறுதல் சொல்ல வரும் ஆட்கள் உங்களுக்கும் இருப்பார்கள், அவர்களை நம்பாதீர்கள், சாகாமம் குளத்தில் டிராகன் இல்லை. ஆனால் பையைத் தோளில் இருந்து கழற்றுவதற்கு டிராகன் தேவையில்லை.

அக்காவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தம்பி இருக்கும் சுவிசில், பாசல் நகரத்தில், 1688 இல் யொகான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு சொல்லை ஒட்டி நொஸ்டால்ஜியா. ஊரைவிட்டுப் பிறநாட்டுக்குப் போய் மெலிந்து வாடிப்போன சுவிஸ்காரர்களின் நோய்க்கு வைத்த பெயர் அது. அதாவது முதன்முதலில் அந்தச் சொல் ஊருக்குத் திரும்பி வந்தவருக்கு இல்லை, திரும்பி வர முடியாமல் இருப்பவருக்கு. நீங்கள் உங்கள் வீட்டுக்கு, உங்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்துவிட்டீர்கள். அக்கா விமான நிலையத்தில் இருந்து திரும்பிப் போன வீட்டில் நீங்கள் படுத்த மெத்தைகளைச் சுருட்டி வைத்திருப்பார், அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார்? குறை பிடிப்பதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் அழுவதை அவருக்கு மறைக்கிறீர்கள், அவரும் உங்களுக்கு மறைக்கக்கூடும், இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் பூப்படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சனிக்கிழமைக் கோலுக்கு முதல் தனியாக எடுத்துக் கேளுங்கள்.

அடுத்த பயணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், கடன்பட்டாவது இன்னொரு தரம் போனால் இந்தக் கவலை தீருமா என்று. தீராது, திரும்பி வர வேண்டிய நாள் திரும்பவும் வரும். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது, அதில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். போகாதவர்களைவிட அவர்கள் கூடுதல் சந்தோசமாக இருந்தது போவதற்கு முந்திய நாட்களில். வந்த பிறகு பெரும்பாலும் வித்தியாசம் இல்லை, மிகவும் ஆறுதலாக விடுமுறையைக் கழித்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அது நின்றது. பார்த்துக்கொண்டிருக்க ஒன்று முன்னால் இருப்பதுதான் பெரிய பங்கு என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கலண்டரில் ஒன்றைக் குறித்து வையுங்கள், ஆனால் பாரிசை இல்லை. பிரான்சில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு யூலையும் ஆகஸ்டும். எங்கள் ஆடி அமாவாசை அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வரும், திருக்கோவில் முருகனுக்குச் சமுத்திரத் தீர்த்தம். வைகாசிச் சடங்குக்குத்தான் அவர்களால் வர முடியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தீர்த்தத்துக்கு வரச் சொல்லுங்கள். ரிக்கெட் விலை, வேலை லீவு எல்லாம் பார்த்து ஒரு வருசமோ இரண்டு வருசமோ ஆகட்டும், கதையை இப்போதே தொடங்கலாம். வந்தால் வரைபடம் உங்கள் கையில், விடிய அக்காவைக் கதிரையில் இருத்த வேண்டியதும் நீங்கள்.

தொழில் முறையில் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகளோடு சிரிக்கிறீர்கள், ஆகவே கடிதத்தில் நான் காண்பது கவலை, மனச்சோர்வு நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கிழமை தொடர்ந்து, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடந்தால், எதிலும் விருப்பம் இல்லாமல் போனால், அதோடு நித்திரையோ சாப்பாடோ கெட்டு, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் வரத் தொடங்கினால், இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போய் உளநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் தமிழிலும் கதைக்கலாம். பெரிய காரணம் இருக்கிறவர்களுக்குத்தான் அது என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

கடைசியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள், மகள் கண்ணாடி மூலையில் கொழுவி வைத்திருக்கும் அந்த எலிக்காதுப் பட்டியைக் காணும்போதெல்லாம் கண் கலங்குகிறது, அலுமாரிக்குள் போட்டுவிடவா என்று. அது மகளின் சாமான் தங்கச்சி, மகளிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் இருக்கட்டும் என்பேன். கண்ணாடிக்கு முன்னால்தானே தலை பின்னுவீர்கள், மகளுக்குப் பின்னும்போது அதையும் ஒரு கையால் ஒதுக்கி வைத்துக்கொண்டு பின்னுங்கள்.